கப்பி மீனின் பூர்வீகம்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லயத்துக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கை மறக்க முடியாது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பழைய மைலோ டின்னையோ கிழிந்த கொசுவலைத் துண்டையோ எடுத்துக்கொண்டு அதன் ஓரத்தில் குந்திவிடுவார்கள். கலங்கிய நீரின் மேல்மட்டத்தில் சின்னஞ்சிறு மீன்கள் கூட்டங்கூட்டமாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். பெண்மீன் சாம்பல் நிறம், வயிறு பருத்திருக்கும். ஆண்மீன் ஒரு விரற்கடை நீளந்தான். ஆனால் அதன் உடலில் சிவப்பும் நீலமும் கறுப்புமாய்ப் பொட்டு வைத்தாற்போல் இருக்கும். பிடித்த மீனைக் கண்ணாடிப் போத்தலில் விட்டுச் சன்னலோரம் வைத்தால் அன்று மாலைக்கு அதுவே பொழுதுபோக்கு.

அந்த மீனுக்குப் பெயர் கப்பி. பட்டணத்துக் கடைகளில் பட்டுப்புடவை முந்தானை போல வாலை விரித்துக்கொண்டு, கண்ணாடித் தொட்டியில் நல்ல விலைக்கு விற்கப்படுவதும் இதே மீன்தான். லோங்காங்கில் உள்ளது ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் தொட்டியில் உள்ளது அதே குடும்பத்தில் பிறந்து பணக்கார வீட்டில் வளர்ந்த பிள்ளை.

புதிதாக ஒருவரைச் சந்தித்தால், "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். அதே கேள்வியை இந்த மீனிடம் கேட்டால் என்ன விடை வரும்? இது மலாயா மண்ணின் மீன் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருப்போம். அது உண்மையன்று. கப்பி கடல் கடந்து வந்தது. அதுவும் அழகுக்காக அன்று, வேலைக்காகக் கொண்டுவரப்பட்டது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

உலகப் படத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் வடக்குக் கரையைப் பாருங்கள். அங்கே வெனிசுவேலா என்றொரு நாடு. அதன் கரையை ஒட்டி டிரினிடாட் என்ற தீவு. அதற்கு வடகிழக்கே டொபேகோ. இன்னும் சற்று விலகிப் பார்பேடோஸ். வெனிசுவேலா, கயானா, சூரினாம் ஆகிய நாடுகளின் ஓடைகளும் இந்தத் தீவுகளின் நீர்நிலைகளுமே கப்பியின் தாயகம் என்று அறிவியலார் கூறுகின்றனர். டிரினிடாட்டின் வடபகுதியில் ஒரு மலைத்தொடர் உண்டு. அங்கிருந்து தெளிந்த ஓடைகள் பாறைகளின் மேல் அருவியாய் விழுந்து சமவெளிக்கு இறங்குகின்றன. அருவிக்கு மேலும் கப்பி உண்டு, கீழும் உண்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப்பற்றி ஒரு வியப்பான செய்தி வருகிறது.

இனி, பெயர் வந்த கதை. 1836இல் லண்டனில் பிறந்தவர் ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி. இளமையில் கப்பலேறிப் புறப்பட்டவர், நியூசிலாந்துக் கரையில் கப்பல் உடைந்து, அங்கே மவோரி மக்களோடு சில காலம் வாழ்ந்தார். பிறகு தம் பெற்றோர் குடியேறியிருந்த டிரினிடாட்டுக்கு வந்து சேர்ந்தார். பாறைகளையும், கல்லாகிப்போன சிப்பிகளையும் ஆராய்வதில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. பின்னாளில் அத்தீவின் பள்ளிகளுக்கெல்லாம் தலைமைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். அவர் ஓடையில் கண்ட சிறு மீன்களைப் பிடித்து லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அரும்பொருட்காட்சி நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த மீனியல் அறிஞர் ஆல்பர்ட் குந்தர் 1866இல் அம்மீனுக்கு, அனுப்பியவரின் பெயரையே சேர்த்து, 'ஜிரார்டினஸ் கப்பியை' என்று பெயர் சூட்டினார். அன்று ஒட்டிய 'கப்பி' என்ற பெயர் இன்றுவரை விடவில்லை.

ஆனால் கப்பிதான் இம்மீனை முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியாகாது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1859இல், பெர்லின் நகரைச் சேர்ந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற அறிஞர் வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த இதே மீனை விவரித்து 'பொசீலியா ரெட்டிகுலாட்டா' என்று பெயரிட்டிருந்தார். 'ரெட்டிகுலாட்டா' என்ற இலத்தீன் சொல்லுக்கு வலைபோன்ற கோடுகளை உடையது என்பது பொருள். மீனின் செதில்களை உற்றுப் பார்த்தால் அந்த வலைப்பின்னல் தெரியும். 1861இல் இத்தாலிய அறிஞர் தே பிலிப்பி பார்பேடோஸிலிருந்து வந்த மீன்களைப் பார்த்து வேறொரு பெயர் வைத்தார். ஒரே மீனுக்கு மூன்று நாடுகளில் மூன்று பெயர்! ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாத காலம் அது. முதலில் வைத்த பெயரே நிற்க வேண்டும் என்பது விலங்கியலாரின் விதி. ஆகவே, இடையில் சில மாற்றங்கள் வந்தும், 1963ஆம் ஆண்டு முதல் பீட்டர்ஸ் வைத்த 'பொசீலியா ரெட்டிகுலாட்டா' என்ற பெயரே மீண்டும் வழங்கிவருகிறது. ஏட்டில் பீட்டர்ஸ் வென்றார்; மக்கள் நாவில் கப்பி வென்றார். இவர்கள் எல்லாருக்கும் முன்பே அந்த ஓடைக்கரைப் பிள்ளைகள், நம் பிள்ளைகளைப் போலவே, அதைக் கையால் அள்ளி விளையாடியிருப்பார்கள். அவர்கள் வைத்த பெயரை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

டிரினிடாட் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சில் வேறொரு நினைவும் எழ வேண்டும். 1845ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் 'பாத்தல் ரசாக்' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு அத்தீவை அடைந்தது. அன்று தொடங்கி 1917 வரை 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். நம் பாட்டன்மார் ரப்பர் மரத்துக்கு வந்ததுபோல் அவர்கள் கரும்புக்குப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் உண்டு. கப்பி தம் மீன்களை லண்டனுக்கு அனுப்பிய 1860களில் அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர் வெட்டுக்கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

சரி, அந்த மீன் ஏன் இவ்வளவு தூரம் பயணம் செய்தது? அதற்குக் காரணம் கொசு.

முன்னாளில் மலேரியாக் காய்ச்சல் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றால் வருகிறது என்றே எண்ணினார்கள். 1897இல் இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், அனோபிலிஸ் வகைக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுவே காய்ச்சலைக் கடத்துகிறது என்ற உண்மை வெளிவந்தது. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொசுவை ஒழித்தால் காய்ச்சலை ஒழிக்கலாம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. கொசு முட்டையிடுவது நீரில். முட்டையிலிருந்து வரும் புழு நீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கும். அந்தப் புழுவைத் தின்னும் மீன் எது என்று தேடத் தொடங்கினார்கள்.

பார்பேடோஸ் தீவில் கப்பியை 'மில்லியன்ஸ்' என்று அழைப்பார்கள். இலட்சக்கணக்கில் பெருகுவதால் வந்த பெயர் அது. சுற்றியுள்ள தீவுகளிலெல்லாம் மலேரியா இருக்க, பார்பேடோஸில் மட்டும் அது இல்லை. இந்த மீன் கொசுப்புழுவைத் தின்றுவிடுவதால்தான் அங்கே காய்ச்சல் இல்லை என்ற பேச்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளம்பியது. பேச்சு பரவவே மீனும் பரவியது. குடுவைகளிலும் தகரப் பீப்பாய்களிலும் கப்பி கப்பலேறி வெப்ப நாடுகளுக்கெல்லாம் போயிற்று. அந்த வகையில்தான் இருபதாம் நூற்றாண்டில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொசுவை ஒழிக்கும் வேலையாளாக அது வந்து சேர்ந்தது.

அந்நாளைய மலாயாவில் அந்த வேலை எவ்வளவு அவசரமானது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். காட்டை அழித்து ரப்பர் நட்ட அந்த நாட்களில் தோட்டப்புறத்தில் காய்ச்சலால் மாண்டவர்கள் பலர். 1901இல் கிள்ளான் மாவட்ட அரசாங்க மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். அந்த ஒரே ஆண்டில் கிள்ளான் பட்டணத்திலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் அந்த இடத்திலும், 582 பேர் இறந்தனர். அவர்களுள் 368 பேர் காய்ச்சலால் இறந்தவர்கள். வாட்சன் சதுப்புகளை வற்றச் செய்தார். கால்வாய் வெட்டச் செய்தார். புதர்களை அகற்றச் செய்தார். மறு ஆண்டில் காய்ச்சலால் இறந்தவர் தொகை 59 ஆகக் குறைந்தது. ஓராண்டுக்குள் இவ்வளவு மாற்றம் வந்தது. அந்தக் கால்வாய்களை வெட்டியவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

ஆனால் கிள்ளான் சமவெளியில் பலித்த முறை மலைச்சரிவுத் தோட்டங்களில் பலிக்கவில்லை. காரணம் என்ன? சதுப்பில் வாழ்ந்த கொசு நிழலை விரும்புவது. மலைத்தோட்டங்களில் காய்ச்சலைப் பரப்பிய கொசு வேறொரு வகை. அதன் பெயர் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ். காட்டை வெட்டி வெயில் படும்படி செய்த ஓடைகளிலே, தெளிந்து ஓடும் தண்ணீரிலேதான் அது முட்டையிடும். ஆகவே காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. எந்தக் கொசு எந்த நீரில் வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற வழியைக் கையாள வேண்டும் என்ற பாடத்தை வாட்சன் இதிலிருந்து கற்றார். நிலத்துக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்தார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். தோட்டங்களில் 'கொசு மருந்து' அடிக்கும் ஆட்கள் முதுகில் டின்னைச் சுமந்து போன காட்சியும், கொய்னா மருந்தின் கசப்பும் நம் முதியவர்களுக்கு நினைவிருக்கும்.

அப்படியானால் கப்பி தன் வேலையைச் செய்ததா? இங்கேதான் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். கப்பி கொசுப்புழுவைத் தின்னும், அதில் ஐயமில்லை. அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால் நீரின் மேல்மட்டத்தில் உள்ளதை எளிதில் கொத்திக்கொள்ளும். அதே காரணத்தால் காற்றோடு சேர்ந்த மேல்நீரைப் பருகி, மற்ற மீன்கள் திணறிச் சாகும் சாக்கடையிலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் மலேரியாக் கொசு சாக்கடையில் வளர்வதில்லையே! அது தெளிந்த ஓடையைத் தேடுவது. சாக்கடையில் வளர்வது யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய கியூலெக்ஸ் கொசு. அந்தக் கொசுவின் புழுவைத்தான் நம் லோங்காங்குக் கப்பி தின்றுகொண்டிருந்தது.

பார்பேடோஸ் கதையின் முடிவையும் கேளுங்கள். அத்தீவில் மலேரியா இல்லாததற்குக் காரணம் மீன் அன்று. மலேரியாவைக் கடத்தும் அனோபிலிஸ் கொசுவே அங்கு இல்லாததுதான். 1927இல் அந்தக் கொசு அங்கே வந்து சேர்ந்தது. அதனோடு மலேரியாவும் வந்தது. கப்பி அப்போதும் இலட்சக்கணக்கில் அங்கேதான் இருந்தது! இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரிந்ததுதானே?

புதிதாக வந்தவர் சில சமயம் பழையவர் இடத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு. கப்பி வருமுன்பே நம் நாட்டு நீர்நிலைகளில் கொசுப்புழுவைத் தின்னும் மீன் இருந்தது. தலையில் வெள்ளீயப் பொட்டு வைத்தாற்போல் மின்னும் அதனை மலாய்க்காரர் 'ஈக்கான் கெபாலா தீமா' என்பர். ஈயத்தலை மீன் என்று பொருள். கப்பி பல நாடுகளில் சொந்த நாட்டுச் சிறு மீன்களுக்குப் போட்டியாகிவிட்டது என்றும், அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகிறது என்றும் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகையால், வீட்டில் வளர்க்கும் கப்பியை ஆற்றிலோ ஓடையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு மீன்தானே என்று எண்ண வேண்டாம். கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பெண்மீன் பல பத்துக் குஞ்சுகளைப் பெறும். ஒருமுறை ஆணோடு கூடினால் அந்த வித்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் ஈனும் ஆற்றலும் அதற்கு உண்டு. சினைப்பட்ட ஒரே ஒரு பெண்மீன் போதும், ஓர் ஓடை முழுதும் நிறைந்துவிடும்.

இனி அதன் வண்ணத்துக்கு வருவோம். ஆண்மீனுக்கு மட்டும் ஏன் இத்தனை நிறம்? 1920இல் டென்மார்க் நாட்டு அறிஞர் யோஹானஸ் ஸ்மிட் கப்பிகளை வளர்த்துப் பார்த்தார். ஓர் ஆண்மீனின் முதுகுத் துடுப்பில் இருந்த கரும்புள்ளி அதன் ஆண்குஞ்சுகளுக்கெல்லாம் வந்தது, பெண்குஞ்சுகளுக்கு வரவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் மரபுக்கூறு உண்டு என்பதற்கு ஒரு முதற்சான்று இந்தச் சாக்கடை மீனிடமிருந்து கிடைத்தது.

தொடக்கத்தில் நான் நினைவில் வைக்கச் சொன்ன அருவிகளுக்கு இப்போது திரும்புவோம். டிரினிடாட்டில் அருவிக்குக் கீழே உள்ள கப்பி மங்கல் நிறம். மேலே உள்ளது பளிச்சென்ற நிறம். காரணம், கீழே பெரிய மீன்கள் உண்டு. பளிச்சென்று தெரியும் கப்பி முதலில் இரையாகிவிடும். அருவிக்கு மேலே அந்தப் பெரிய மீன்களால் ஏற முடியாது. அங்கே அச்சம் குறைவு. வண்ணம் மிகுந்த ஆணையே பெண்மீன் விரும்புவதால் நிறம் கூடுகிறது. இதைச் சோதிக்க 1976இல் ஜான் எண்ட்லர் என்ற அறிஞர் அரிப்போ ஆற்றில் அருவிக்குக் கீழே இருந்த 200 கப்பிகளைப் பிடித்து, கப்பியே இல்லாத மேல் ஓடை ஒன்றில் விட்டார். இரண்டே ஆண்டில் அவற்றின் வழிவந்த மீன்கள் வண்ணம் கூடியிருந்தன. 11 ஆண்டு கழித்துப் பார்த்த டேவிட் ரெஸ்னிக் என்ற அறிஞரின் குழுவினர், அவை பருவம் அடையும் வயதும் தள்ளிப்போயிருக்கிறது, குஞ்சுகள் எண்ணிக்கையில் குறைந்து உருவில் பெருத்திருக்கின்றன என்று 1990இல் எழுதினர். ஓர் உயிரினம் மாறுவதற்கு இலட்சம் ஆண்டு தேவையில்லை. வாழும் சூழ்நிலை மாறினால் சில தலைமுறைகளிலேயே மாறும் என்பதை உலகம் கப்பியிடம் கற்றது.

ஓடையில் இயற்கை செய்ததைத் தொட்டியில் மனிதன் செய்தான். 1908இல் உயிருள்ள கப்பிகள் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தன. நல்ல வாலுள்ளதை நல்ல வாலுள்ளதோடு சேர்த்து, மற்றவற்றை விலக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் விசிறிவால், வாள்வால், பாம்புத்தோல் என்று எத்தனையோ வகைகள் உண்டாயின. சிங்கப்பூர்ப் பண்ணைகள் இக்கலையில் பெயர் பெற்றன. அங்கு வளர்ந்த கப்பிகள் விமானமேறி உலக நாடுகளுக்குப் போயின. வேலைக்காக வந்த மீன், விற்பனைக்காக மீண்டும் கடல் கடந்தது!

நேயர்களே, இக்கதையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு.

ஒன்று, கொசுவைப் பற்றியது. லோங்காங்கில் கப்பி இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு லோங்காங்கைத் தேடி வருவதில்லை. பூச்சாடித் தட்டு, பழைய டயர், மூடாத தண்ணீர்த் தொம்பு, மழைநீர் தேங்கிய சிரட்டை, இவைதான் அதற்குப் பிரசவ விடுதி. அங்கெல்லாம் கப்பி போய் வேலை செய்யாது. வாரம் ஒருமுறை நாம்தான் கவிழ்த்துக் கொட்ட வேண்டும்.

மற்றொன்று, பூர்வீகத்தைப் பற்றியது. ஒரு விரற்கடை மீனுக்கு எந்த ஓடை தாயகம், யார் பிடித்தார், எந்த ஆண்டு எங்கே போயிற்று என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. நம் குடும்பங்களுக்கு அப்படி ஓர் ஏடு உண்டா? உங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எந்தத் தோட்டத்துக்கு வந்தார்? காய்ச்சலில் இறந்துபோன பெரியம்மாவின் பெயர் என்ன? எந்தத் தோட்டத்து இடுகாட்டில் அவர் கிடக்கிறார்? பல தோட்டங்கள் இன்று இல்லை. லயங்கள் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. விவரம் அறிந்த முதியவர்களும் ஒவ்வொருவராய் மறைந்துவருகிறார்கள். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டிலுள்ள பெரியவரிடம் பிள்ளைகள் கேட்கட்டும். பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, அவர் சொல்வதை ஆண்டோடும் ஊர்ப்பெயரோடும் எழுதி வைக்கட்டும்.

மீனுக்குக் கிடைத்த மதிப்பு மனிதருக்கும் கிடைக்க வேண்டாமா?